நேர்ந்துவிட்ட சேவலுக்கு ஓர் ஊசி

எங்கள் தெருக் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தபோது மைனிக்குச் சோறு இறங்கவில்லை. என் அண்ணனின் மனைவி அவள். அண்ணன் கப்பலில் இருந்தான். சண்டை நடக்கும் கடல் வழியாக அந்தக் கப்பல் வரவேண்டியிருந்தது. அவன் பத்திரமாக வீடு சேர்ந்தால் வெள்ளைச் சேவலைத் தருவதாகக் கெபியில், அந்தச் சின்னக் குகைக் கோயிலில், மாதாவிடம் நேர்ந்திருந்தாள். சேவலுக்கு ஏதாவது ஆனால் அவனுக்கும் ஆகிவிடும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கோழிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு இருவரும் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். சேவலை மட்டும் வீட்டிலேயே பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடிவிட்டு வந்திருந்தாள். நேர்ந்துவிட்டதன்மேல் ஊசி படக்கூடாதாம், குறைபட்டுப் போகுமாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

எனக்கோ எதையும் கேட்காமல் இருக்க முடியாது.

“ஊசிக்குள்ள என்ன சார் இருக்கு?”

“அதே கிருமிதாம்மா. வீரியத்தைக் குறைச்சு வச்சிருக்கு” என்றார் டாக்டர், ஒரு கோழியின் இறக்கையைத் தூக்கியபடி.

அட, நோயையே அல்லவா ஏற்றுகிறார்! அவர் சொன்னபடி, உள்ளே போன கிருமி தன் உடம்பைச் சேர்ந்தது இல்லை என்று ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கண்டுகொள்ளுமாம். சில அணுக்கள் அதைப் பிடித்து விழுங்கும். வேறு சில, அந்தக் கிருமிக்கென்றே பொருந்துகிற எதிர்ப்பொருளைச் செய்யும். முதல் தடவை அதற்கு நாளாகும். நிஜமான நோய் அதுவரை பொறுக்காது. ஊசி போட்ட உடம்பு முன்பே பழகியிருப்பதால் அடுத்த தடவை சட்டென்று பாயும். நேற்றுத் துரத்திய பூனையையே இன்று மறந்துவிடுகிற கோழி அது. அதன் ரத்தத்துக்கு இவ்வளவு ஞாபகமா என்று வியந்துபோனேன்.

“நோய் வந்த பெறகு போட்டா?”

“பிரயோஜனம் இல்லம்மா.”

திரும்பும் வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை.

“மைனி, கப்பல் ஏறுததுக்கு முன்னாடி அண்ணனுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாங்கள்லா? அவன் என்ன, குறைபட்டா போயிட்டான்?”

“ஏளா, வாயை மூடிட்டு வா.”

வீட்டுக்கு வந்ததும் கூடையை இறக்கினாள். பஞ்சாரத்தைத் தூக்கிச் சேவலை முந்தானையில் பொதிந்துகொண்டு, எனக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

மறுநாள் சேவல் இரை எடுக்காமல் மூலையில் ஒடுங்கியது. “ஒன் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னையச் சொல்லணும்!” என்று மைனி என்மேல் பாய்ந்தாள். நான் டாக்டரிடம் ஓடினேன். ஊசிக்குப் பின் சில கோழிகள் இப்படிச் சுணங்குவது உண்டு, உடம்பு உள்ளே வேலை பார்க்கிறது என்றார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊசி போட்ட மறுநாள் அண்ணனும் இப்படித்தான் போர்த்திக்கொண்டு கிடந்தான். மைனிதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து மைனியிடம் அதைச் சொன்னதும் அவள் அடுப்படிக்குப் போய்ச் சேவலுக்கும் கஞ்சி வைத்தாள்.

சேவல் தேறிவிட்டது. அடுத்த வாரங்களில் பக்கத்து வீடுகளில் கோழிகள் செத்தன. எங்கள் வீட்டில் ஒன்றும் சாகவில்லை.

அண்ணன் கறுத்து மெலிந்து வந்து சேர்ந்தான். மூவரும் கெபிக்குப் போனோம். நேர்ச்சை வாங்குகிறவர் சேவலைப் புரட்டிப் பார்த்தார்.

“குறை ஒண்ணும் இல்லையே?”

மைனி சேவலைப் பார்க்கவில்லை. அண்ணனைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள்.

“ஒரு குறையும் இல்ல” என்றாள். “ரெண்டு பேருக்கும் ஊசி போட்டிருக்கு.”