நாலாவது டார்பிடோ

பேருந்து நிலையத்தில் வண்டிகள் வருகிற, போகிற நேரத்தைக் குறித்தே முப்பது வருடம் குப்பை கொட்டிய அந்த மனிதரை உலகத்தில் ஒரே ஒருவர்தான் 'கேப்டன்' என்று கூப்பிட்டார். மனைவியின் தம்பி, தொழில் தையல். அதுவும் பதினோரு வருடத்துக்கு முன்பு.

அது பொற்காலம். ஞாயிறு பகல் சாப்பாடு முடிந்ததும் முன்னறை ஜன்னலைச் சாத்திவிட்டு, மாமாவும் மச்சானும் கம்ப்யூட்டர் வழியாகக் கடலுக்குள் இறங்கிவிடுவார்கள். நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு. ஒரு பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டரே குறி பார்த்துக் கொடுக்கும். அதைத் தட்டுகிறவர்களை இவர்கள் மனுஷ ஜென்மத்திலேயே சேர்ப்பதில்லை. எல்லாம் கைக்கணக்கு. பெரிஸ்கோப்பில் தெரியும் கப்பல் எந்தக் கோணத்தில் போகிறது என்று சொல்வது மச்சான் பொறுப்பு. ஆள் கடைக்குள் நுழையும்போதே தோள் சரிவைச் சொல்லிவிடும் கண் அது. கப்பலின் மூக்கு நடுக்கோட்டைத் தொட்டதிலிருந்து வால் தாண்டும்வரை எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்சில் பிடிப்பது கேப்டன் பொறுப்பு. கப்பலின் நீளத்தை விநாடியால் வகுத்தால் வேகம். வேகம் தெரிந்தால், கப்பல் வந்து சேரப்போகிற இடத்துக்கு டார்பிடோவை, அதாவது தண்ணீருக்கடியில் பாயும் குண்டை, அனுப்பி வைக்கலாம்.

ஆறு மாதம் தேடிய பெரிய கப்பல் சிக்கிய அன்று, கைவசம் இருந்தது நாலு டார்பிடோ. மூன்றை விட்டார்கள். மூன்றும் கப்பலின் மூக்குக்கு முன்னால் சலாம் போட்டுவிட்டுப் போயின.

"உன் கோணம்தான்டா கோணல்."

"என் கண்ணைச் சொல்லாதீங்க மாமா. உங்க வாட்ச்சைப் பாருங்க."

"எனக்கே நேரம் பாக்கக் கத்துத் தர்றியா? போய்க் காஜா எடு, போ!"

காஜா எடுப்பது தையல் கடையில் புதிதாகச் சேர்ந்தவன் வேலை. மச்சான் செருப்பை மாட்டினார். அதற்கப்புறம் வந்தாலும் அக்காவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனார். கேப்டன் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு எழுந்ததுதான். தனியாகக் கடலுக்குப் போக மனசு வரவில்லை.

இப்போது வீட்டுக்காரம்மா உத்தரவு போட்டுவிட்டாள். "நாளைக்குப் பழைய சாமான்காரர் வர்றார். இந்தப் பொட்டி போகுது."

கேப்டன் கடைசியாக ஒருமுறை அதை முடுக்கினார். மின்விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது. பதினோரு வருடமாக அந்தக் கப்பல் அதே இடத்தில் காத்துக்கொண்டிருந்தது. பாவம், அதற்கும் வேறென்ன வேலை. பழைய நோட்டில் அவர் கையெழுத்து: பதினைந்து விநாடி. சும்மா, ஸ்டாப்வாட்சை அமுக்கிப் பார்த்தார். பத்தொன்பதரை. ஆட்டத்தைச் சேமித்த இடத்திலிருந்து திரும்ப ஓட்டினார். பத்தொன்பதரை.

நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பேருந்து நிலையத்தில் ஓட்டுநர்கள் அவர் ஜன்னலில் தலையை நீட்டி, "சார், பாத்துப் போடுங்க" என்பார்கள். பத்தொன்பது நிமிடத் தாமதத்தைப் பதினைந்து என்று போட்டுப் பழகிய கை. எதிரிக் கப்பலுக்கும் அதே தயவைக் காட்டியிருக்கிறது. விநாடி குறைந்ததால் கணக்கில் வேகம் கூடி, மூன்று டார்பிடோவும் கப்பலுக்கு முன்னாலேயே போய்விட்டன.

போன் செய்தார். தையல் மெஷின் சத்தம் நின்றது.

"அக்காவுக்கு என்ன?"

"அவ நல்லாத்தான் இருக்கா. அந்தக் கப்பல்... பத்தொன்பதரை விநாடிடா. நான்தான் குறைச்சுப் போட்டுட்டேன்."

"அப்ப என் கோணம்?"

"சரியாத்தான் இருந்திருக்கு."

"சரியா கேக்கல. இன்னொரு தரம் சொல்லுங்க."

"சரியா இருந்துச்சுடா!"

"ஒண்ணையும் தொடாதீங்க. வர்றேன்."

கால் மணி நேரத்தில், கழுத்தில் அளவு டேப்போடு வந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். கோணம் சொன்னார். கேப்டன் விநாடியைச் சொன்னார், அரையையும் விடாமல்.

"விடலாமா, கேப்டன்?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் கேப்டனுக்குக் கண்ணாடியைத் துடைக்கவேண்டியிருந்தது. விட்டார்கள். வாயால் எண்ணினார்கள். நாற்பது, நாற்பத்தொன்று...

டங்.

நட்ட நடு வயிற்றில் இடித்தது. வெடிக்கவில்லை. கப்பல் தன் பாட்டுக்குப் போனது.

"என்ன விழுந்துச்சு அங்க?" என்றாள் அக்கா, உள்ளிருந்து.

"செய்யறவன் ஒழுங்கா மருந்து வைக்கலன்னா நாம என்ன பண்றது?" என்றார் கேப்டன், கம்பீரமாக.

"ஆனா பட்டுச்சு."

"பட்டுச்சுடா."

"சேமிச்ச இடத்துலருந்து மறுபடி போடுங்க. அந்தச் சத்தத்தை இன்னொரு தரம் கேக்கணும்."