பூட்டில்லாத தண்ணீர் லாரி

இன்று காலை எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி காரில் ஒரு வழக்கு என் தீர்ப்புக்கு வந்தது.

என்னோடு வேலை பார்க்கும் ஷாலினியும் கார்த்தியும் சொந்தமாக ஒரு வீடியோ கேம் செய்கிறார்கள். அதில் பெங்களூர் சாலைகளில் தண்ணீர் லாரி ஓட்ட வேண்டும். பாதிதான் முடிந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை அப்படியே வெளியிடுகிறார்கள். இருப்பது இரண்டே பேர் என்பதால் ஓரிடத்தில்தான் விற்க முடியும்.

ஷாலினிக்கு ஆன்லைன் கேம் கடை வேண்டும். கணக்கில் நுழைந்தால்தான் கேம் திறக்கும். திருத்தங்கள் தானாக வந்து சேரும்.

கார்த்திக்குப் பூட்டே ஆகாது. “வாங்குனவன் ஃபைலை எடுத்துட்டுப் போகட்டும் குரு. அப்புறம் நம்மகிட்ட எதுக்கு பர்மிஷன்?”

“ரெண்டையும் காட்டுங்க,” என்றேன்.

ஷாலினியின் லேப்டாப்பில் கேம் திறக்க மறுத்தது. ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆடலாம்; அதே கணக்கில் வீட்டில் அவள் கணவர் ஆடிக்கொண்டிருந்தார். போன் செய்தாள்.

“கொஞ்சம் வெளிய வாங்க, டெமோ காட்டணும்.”

“இரு, இந்த லோடை இறக்கிட்டு வரேன்.”

கார்த்தி சிரித்துக்கொண்டே பென்டிரைவை நீட்டினான். கேம் உடனே திறந்தது. நாலாவது நிமிடம் லாரி சாலைப் பள்ளத்துக்குள் விழுந்து மறைந்தது. ஊரை அப்படியே கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று பாராட்டினேன்.

“டேய், அதைப் போன மாசமே சரி பண்ணியாச்சு! இது பழைய காப்பிடா!” என்றாள் ஷாலினி.

பென்டிரைவ் இப்போது என்னிடம் இருக்கிறது. அந்த லாரியை என்னிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. யாரும் தூக்கி நிறுத்தவும் முடியாது.

வெள்ளிக்கிழமைக்குள் தீர்ப்பு சொல்ல வேண்டும். நீங்களாக இருந்தால் கணவர் லோடு இறக்கும்வரை காத்திருப்பீர்களா, பள்ளத்தோடு வீட்டுக்கு எடுத்துப் போவீர்களா?