கோழி தும்மிய தேதி

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. கோழிப் பண்ணை வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த வியாதி கொஞ்சம் உண்டு. நாமக்கல் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரன் இன்னொரு பண்ணைக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவான், மொய் வைப்பான், வயிறாரச் சாப்பிடுவான். ஆனால் அவன் கொட்டகைக்குள் மட்டும் கால் வைக்க மாட்டான். காலோடு நோய் வந்துவிடும். அப்படி வந்தாலும் வெளியில் மூச்சு விட மாட்டோம். தெரிந்தால் முட்டை வியாபாரியின் வண்டி நம் வாசலுக்கு வராது.

என்னிடம் முட்டை எடுக்கிற வேலைக்கு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பண்ணையிலேயே ஓர் அறை கொடுத்திருந்தேன். அவள் கையில் ஒரு முட்டை விரிசல் விட்டு நான் பார்த்ததில்லை. அவளிடம் எனக்குப் பிடிக்காதது அந்த போன் ஒன்றுதான். மற்றவர்கள் போனில் சீரியல் பார்ப்பார்கள். இவள் போன் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பாள். கொட்டகை விளக்கைத் தானாக அணைக்கிற டைமர் ஒருமுறை கெட்டுப்போனது. எலக்ட்ரீஷியன் வருவதற்குள் இவளே பிரித்துச் சரி செய்துவிட்டாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவளுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் போய்ப் பார்த்தால், விளக்கணைந்த கொட்டகையில் கூண்டு வரிசைக்கு நடுவே போனை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறாள்.

"ஏனம்மணி, என்ன பண்ற?"

"கோழி சத்தத்தப் புடிக்கிறேங்கண்ணா. தெனமும் இதே நேரத்துல அஞ்சு நிமிசம்."

போனைக் காட்டினாள். கோழிகளின் சத்தம் மேடும் பள்ளமுமாகக் கோடாக ஓடியது. சளி பிடித்த கோழி அரவம் அடங்கிய பிறகு தும்மும், நம் காதுக்குப் பிடிபடுவதற்குள் கொட்டகை முழுக்கப் பரவிவிடும், கோட்டில் முன்னாலேயே தெரிந்துவிடும் என்றாள். "வெளிநாட்டுல மிசினே கேட்டுச் சொல்லிடுதாம். நம்மகிட்ட போனு இருக்குதுல்ல, பழகிப் பாக்கலாம்னுதான்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். முட்டை எடுக்க வந்தவளுக்கு என் கோழியின் சளியைப் பற்றி என்ன கவலை? அதுவும் அவளுடைய அக்கா, இரண்டு மைல் தள்ளி இன்னொரு பண்ணையில் வேலை செய்கிறாள். இங்கே ஏதாவது என்றால் அங்கே தெரிய எவ்வளவு நேரமாகும்?

கொஞ்ச நாளில் டீக்கடையில், அக்கா வேலை செய்கிற அந்தப் பண்ணைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். "உங்க கொட்டகையில கோழிக்கெல்லாம் ரிக்கார்டிங் நடக்குதாமுங்க?"

எனக்கு டீ கசந்தது. தீவன லாரிக்காரன்கூடச் சொல்லியிருக்கலாம். அது அப்போது புத்தியில் உறைக்கவில்லை. இவள் இவருக்காகத்தான் வேலை பார்க்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, மக்காச்சோளம் யாரிடம் வாங்குகிறீர்கள் என்று கேட்கிற சாக்கில் அவர் பண்ணைக்கே போனேன். அவர் அங்கே இல்லை. இருபது வருடத்தில் செய்யாத காரியத்தை அன்றைக்குச் செய்தேன். கொட்டகைக்குள் நுழைந்து, அவளுடைய அக்காவைத் தேடி வரிசை வரிசையாக நடந்தேன். அக்காவும் இல்லை, துப்பும் இல்லை. எரிச்சலோடு என் பண்ணைக்குத் திரும்பினால், இவள் வழக்கம்போல போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வாசலில் கால் நனைக்கிற மருந்துத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிக் குதித்து, அதே செருப்போடு உள்ளே போய்க் கத்தினேன். போனைப் பிடுங்கிப் பார்த்தேன். தேதி போட்டுத் தேதி போட்டுக் கோழிச் சத்தம்தான். நாலைந்து பழையதைக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அனுப்பியதை அழித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவளே வந்தாள்.

"அண்ணா, மூணாவது வரிசையில சத்தம் மாறிடுச்சிங்க. கேட்டுப் பாருங்க."

"கோழிக்குச் சளின்னு நீயே ஊருக்குத் தண்டோராப் போடு. போயி வேலையப் பாரு."

அந்த வாரத்திலேயே கோழிகள் தின்னாமல் தீவனம் தொட்டியில் தங்கியது. கோழிகளின் முகம் வீங்கியது. முட்டை பாதிக்குப் பாதி குறைந்தது. கால்நடை டாக்டர் வந்தார். பார்த்துவிட்டு, வெளிப் பண்ணையோடு யாருக்காவது போக்குவரத்து இருக்கிறதா என்று கேட்டார்.

நான் அவளைக் காட்டினேன். "இவளோட அக்கா பக்கத்துப் பண்ணையிலதானுங்க இருக்குது."

அதைச் சொன்னபோது பொய் சொல்கிறோம் என்று நான் நினைக்கவே இல்லை. சத்தியமாக, நான் போய் வந்தது என் ஞாபகத்திலேயே இல்லை. நோயைக் கொண்டுவந்தவள் என்று பேர் விழுந்தால் இந்த வட்டாரத்தில் எந்தப் பண்ணையும் அவளைச் சேர்க்காது. அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

"அக்காவ நேர்ல பாத்து ஆறு மாசமாச்சிங்க டாக்டர். பண்ணைக்கு ஆகாதுன்னு போன்லதான் பேசிக்கிறோம்" என்றாள். பிறகு போனை எடுத்தாள். "எந்தத் தேதி வரைக்கும் கோழி நல்லா இருந்துச்சின்னு எங்கிட்ட இருக்குதுங்க."

புதன், வியாழன் இரண்டையும் போட்டாள். கோழிகள் அமைதியாக முனகிக்கொண்டிருந்தன. அடுத்தது வெள்ளி. அதே அமைதி. திடீரென்று அதற்குள் ஒரு ஆம்பளைக் குரல் தொண்டை கிழியக் கத்தியது. "அவன் கொட்டகைக்குள்ளயே போய்ட்டு இப்பத்தான் வாரேன்! எனக்கு எல்லாந் தெரியும்! யாருக்கு அனுப்பற இதையெல்லாம்?"

என் குரல் அவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமையைப் போட்டாள். இடையிடையே சின்னதாக ஒரு 'சிக்' சத்தம். டாக்டர் அதைக் கேட்டார், பிறகு என் செருப்பைப் பார்த்தார். "அந்தப் பக்கத்துப் பண்ணையிலயும் இதேதாங்க. யாருக்குந் தெரிய வேண்டாம்னு மூடி வச்சிருக்காங்க" என்றார். எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவள் முன்னால் அவமானமாக இருந்தது, கோழிகளைப் பார்த்தால் அழுகை வந்தது.

செத்தது போக மிச்சம் தேறியது. அவளிடம் தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன், போய்விடாதே என்றும் கேட்டேன்.

"இருக்கிறேங்கண்ணா. ஆனா கொட்டகைக்குள்ள வர்றதுக்கு முன்னால எங்க போயிட்டு வர்றீங்கன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் வரணும்."

ஒத்துக்கொண்டேன். இப்போது தினமும் என் பண்ணை வாசலில் நின்று, டீக்கடை, பேங்க், மாமனார் வீடு என்று உள்ளதை ஒப்பிக்கிறேன். சொல்லி முடித்த பிறகும் அவள் உடனே வழி விடுவதில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.