வெல்டரோட இடது கண்

அரை மில்லிமீட்டர். ஞாபகம் வச்சுக்கோங்க. கருவிழிக்கு மேல இருக்கிற கண்ணாடித் தோலோட கனம் அவ்வளவுதான்.

எங்க பட்டறையில கேட்டும் கிராதியும் அடிக்கிற வெல்டர் ஒருத்தர். "பொறி"ன்னுதான் கூப்பிடுவோம். இடது கண் செவந்து, மணல் விழுந்த மாதிரி உறுத்துச்சு. வெல்டருக்குக் கண் உறுத்துனா வேற யோசனையே வராது. வெளிச்சம் அடிச்சிருச்சு, தானா சரியாயிடும். அதுக்குன்னே பட்டறையில, கண்ணை மரக்க வைக்கிற ஒரு மரப்புச் சொட்டு மருந்து கை மாறிட்டு இருக்கும். விட்டாரு. வலி போச்சு. திரும்ப வந்துச்சு. திரும்ப விட்டாரு. விரல் முட்டி வீங்கியிருந்ததுக்குப் பழி சுத்தியல் மேல.

சம்சாரம்தான் கேட்டாங்க. "ஏங்க, அதென்ன வெளிச்சம், ஆள் பாத்து ஒத்தக் கண்ணுல மட்டும் அடிக்குது?"

கையோட கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க.

கண் டாக்டரம்மா விளக்கடிச்சுப் பாத்தாங்க. கருவிழி ஓரம் அந்தக் கண்ணாடித் தோல் பிறை மாதிரி அரிச்சிருந்துச்சு. "இங்க பாயிண்ட் ஒண்ணு மில்லிமீட்டர்தான் மிச்சம். தேச்சா ஓட்டை விழுந்திரும், கண்ணே போயிரும். வெல்டிங்னால வந்ததில்ல. விரலைப் பாத்தீங்களா, மூட்டுவாதம். உடம்பைக் காவல் காக்கிற அணுவே கண்ணை அரிக்குது."

"அப்ப வெளியாள் இல்லையா?"

"உள்ளாள்தான்."

"நம்ம தொழிற்சங்கம் மாதிரின்னு சொல்லுங்க"ன்னாரு பொறி. யாரும் சிரிக்கல.

அரிச்ச இடத்துல பசை வச்சு, மேல ஒரு லென்ஸ் போட்டாங்க. "இரும்பையே ஒட்டுறவன் நான், எனக்கே பசையா"ன்னாரு. அந்தக் காவலை அடக்க ஊசி, அப்புறம் மாத்திரை. அடக்கிட்டா சாதா சளி கூட ஆளைப் படுக்க வச்சிரும், அதையும் சொல்லித்தான் கொடுத்தாங்க. மரப்புச் சொட்டைக் குப்பையில போடச் சொன்னாங்க. புண்ணை ஆறவிடாதது அதுவும்தானாம்.

"வலிக்குமே டாக்டர்."

"வலிக்கட்டும். வலிச்சாத்தான் ஓடி வருவீங்க."

சளி வந்துச்சு, நெஞ்சுல கட்டுச்சு, படுத்தாரு, எந்திரிச்சாரு. பட்டறையில இப்ப சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை.

அரிச்ச இடத்தோட கனத்தைக் கடைசியா அளவெடுத்தப்ப சம்சாரம் கேட்டாங்க. "கண்ணு தங்குமா?"

"தங்கும். மங்கலாத்தான் தெரியும். மாத்திரையை நிறுத்தக்கூடாது."

அவர் சந்தோஷப்படல, அழவும் இல்ல. கழண்டிருந்த சட்டைப் பட்டனைத் தடவிட்டே உக்காந்திருந்தாரு. விரல் மடங்கல. சம்சாரம் போட்டுவிட்டாங்க. டாக்டரம்மா திரையை இவங்க பக்கம் திருப்பினாங்க.

பாயிண்ட் மூணு மில்லிமீட்டர்.