நாலு சாண் அகலம்

என்ன தொழில் என்று கேட்கிறவர்களுக்கு விளக்கம் சொல்வதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். "மரத்துல டிசைன் வெட்டுறேன்" என்பேன். உடனே "ஓ, லேசரா?" என்பார்கள். லேசர் இல்லை. மாசாய் என்ற ஊரில் எங்கள் வரிசை வீட்டின் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு ஸ்க்ரோல் ரம்பம் இருக்கிறது. பார்ப்பதற்குத் தையல் மெஷின் மாதிரி இருக்கும். ஊசிக்குப் பதிலாக மெல்லிய ரம்பக் கம்பி ஒன்று மேலும் கீழும் ஓடும். கணினியில் படம் வரைவேன். அதே அளவில் தாளில் அச்செடுத்துப் பலகைமேல் ஒட்டுவேன். துளை போட்டு, கம்பியை அதற்குள் நுழைத்து, கோட்டின் வழியே பலகையை நகர்த்திக்கொண்டே போவேன். கார் இப்போது வெயிலில் நிற்கிறது. அதில் என் கணவருக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

வருகிறவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்றால் நாக்கு எழ மறுக்கிறது. முக்கால்வாசிப் பேர் கைப்பேசியில் யாரோ எங்கேயோ செய்ததைக் காட்டி, "இதே மாதிரி வேணும் லா" என்பார்கள். அந்தப் படத்தில் இருப்பது மரமே இல்லை, பிளாஸ்டிக் என்றால் முகம் சுருங்கிவிடும். ஒருவர் தன் நாயின் முகத்தை வாசலில் மாட்ட வேண்டும் என்றார். வெட்டிக் கொடுத்தேன். நாய் சிரிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தார். இன்னொரு அம்மாள் குடும்பத்தில் ஐந்து பேர் பெயரையும் ஒரே பலகையில் கேட்டாள். வெட்டி முடித்து மெருகு போட்ட பிறகு மருமகளின் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். அளவு கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான், இரண்டு கைகளையும் காற்றில் விரித்துக் காட்டுவார்கள்.

அளவு விஷயத்தில் நான் பொல்லாதவள். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் வார்ப்பு அச்சுகளுக்குக் கணினியில் வரைந்து கொடுத்தவள். அங்கே மயிரிழை பிசகினாலும் மேலாளர் வந்து பக்கத்தில் நின்றுவிடுவார். அந்த வேலை போனது. அந்தத் திமிர் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பேச ஆரம்பித்தாள்.

"அக்கா, சாமி மேடை ஒன்னு செய்யணும். பின்னால இருக்கிற ஃபிளாட்ல வீடு வாங்கிட்டேன். சொந்த வீடு. இன்னும் மூணு வாரத்துல, வெள்ளிக்கெழம காலையில பால் காய்ச்சுறேன்."

நான் கணினியில் வேறு ஒருவருடைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ம் என்றேன்.

"வாடகை ரூம்ல வெளக்கு ஏத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க அக்கா. செவுரு கறுத்துடுமாம். ஏழு வருசமா ஃபிரிட்ஜ் மேல பேட்டரி வெளக்குதான். நல்ல நேரம் குறிச்சாச்சு. அன்னைக்கு மேடையில நெருப்பு வெச்சு நான் வெளக்கு ஏத்தியே ஆகணும்."

பேட்டரி விளக்கு வைத்துச் சாமி கும்பிடுகிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஓர் இளக்காரம். அதை மறைக்காமல்தான் அளவு கேட்டேன்.

"நாலு சாண் அகலம், மூணு சாண் ஒசரம். ஹால்ல ரெண்டு தூணுக்கு நடுவுல ஒரு எடம் இருக்கு. அதுல சரியா உக்காரணும்."

"சாணா? டேப் வெச்சு அளந்துட்டு வாம்மா."

"எங்க வீட்டுல சாமி மேடைன்னா வீட்டுக்காரி கைச்சாண்லதான் அளப்பாங்க அக்கா. எங்கம்மாவும் அப்படித்தான் அளந்தாங்க. நான் ரெண்டு தடவ அளந்து பார்த்துட்டேன். வேணும்னா எங்கைய அளந்துக்குங்க."

கையை நீட்டினாள் என்று நினைக்கிறேன். நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சாண்னா ஒம்போது இன்ச்சு. எனக்குத் தெரியும்" என்று சொல்லி, முப்பத்தாறு என்று தட்டினேன். இந்தக் காலத்திலும் கையால் அளக்கிறார்களே என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. நியாத்தோ மரப் பலகையில் பெட்டி மாதிரி மேடை. அதன் முன்பலகை மட்டும் பெட்டியைவிட அகலமாக இரண்டு பக்கமும் நீளும். நீண்ட இடத்தில் பக்கத்துக்கு ஒரு மயில். அந்த மயில்களை வரையவே ஒரு வாரம் ஆனது. தோகையின் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் துளை போட்டு, கம்பியைக் கழற்றி, நுழைத்து, மறுபடி மாட்டி வெட்டினேன். கழுத்து வளைவில் மட்டும் மூன்று கம்பிகள் அறுந்தன. எனக்கே பெருமை தாங்கவில்லை. கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் கிளறுகிறவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்றும் நினைத்தேன். நினைத்தது உண்மை, அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மத்தியானம் நானும் கணவரும் அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினோம். லிஃப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை. அவள் வீட்டைக் கழுவி, வாசலில் மாவிலை கட்டி, குத்துவிளக்கைத் தேய்த்துப் பளபளவென்று தரையில் வைத்திருந்தாள். சுவரிலிருந்து நன்றாக முன்னால் நீண்டிருந்த தூண்களுக்கு நடுவே மேடையைக் கொண்டுபோனோம். இடது மயில் தூணில் இடித்தது. கொஞ்சம் சாய்த்தோம். வலது மயில் இடித்தது.

"அலமாக், நுழையாதுலா" என்றார் கணவர்.

டேப்பை எடுத்தேன். இடம் இருபத்தெட்டு அங்குலம், அதற்குமேல் ஒரு நூல் இருக்கலாம். என் மேடை முப்பத்தாறு. உச்சந்தலையில் ஏறிய கோபத்தை அவள்மேல் கொட்டினேன்.

"நாலு சாண்னு நீதானம்மா சொன்ன? ஒழுங்கா அளக்கத் தெரியலன்னா டேப் வெச்சு அளக்க வேண்டியதுதானே?"

அவள் தூணருகே போய், கையைச் சுவரில் விரித்து வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது சாண் அடுத்த தூணைச் சரியாகத் தொட்டது. அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள். "பழைய ஃபேக்டரில மெஷின் புடிச்சிருச்சு அக்கா. அதான் என் சாணு கொஞ்சம் சின்னது" என்றாள், ஏதோ அவள்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதைப் போல.

மூன்று முறை என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஒருமுறை காப்பிகூட வாங்கிக் குடித்தாள். ஹெல்மெட்டின் நிறம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, பேட்டரி விளக்கு ஞாபகம் இருக்கிறது. விரலைப் பார்க்கவில்லை. மயிரிழை பிசகாமல் வரைகிறவளாம் நான்.

"புதுசா செஞ்சு தர்றேன். பத்து நாள் குடு" என்றேன்.

"நாளைக்குக் காலையில வெளக்கு ஏத்தணுமே அக்கா." மயில்களைத் தடவிப் பார்த்தாள். "இது ரெண்டையும் எடுத்துட்டா உள்ள போயிடும்ல?"

போய்விடும். அது எனக்கும் முதலிலேயே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான். கணவர் கீழே போய் காரிலிருந்து கைரம்பத்தைக் கொண்டுவந்தார். அவர் வெட்டுகிறேன் என்றார். விடவில்லை. பெட்டியின் ஓரத்தை ஒட்டிப் பக்கத்துக்கு நாலு அங்குலம் நானே அறுத்தேன். மெல்லிய கம்பியால் ஒரு வாரம் வெட்டியது முரட்டு ரம்பத்துக்குக் கால் மணி நேரம் தாங்கவில்லை. வலது மயில் விழுந்தபோது கழுத்து ஒடிந்தது. எனக்கு அழுகை வந்தது. அது மயிலுக்காகத்தான் என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

மேடை உள்ளே போய்ச் சரியாக உட்கார்ந்தது. உயரம் கூடியிருந்தது, மேலே இடம் நிறைய இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அறுத்த ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவிவிட்டுக் கிளம்பினோம். காலையில் வந்துவிட வேண்டும் என்று நாலு தடவை சொன்னாள்.

போகவே கூடாது என்றுதான் இருந்தேன். கணவர் விடவில்லை. நாங்கள் போனபோது பால் பொங்கி முடிந்து, அவள் தீப்பெட்டியோடு மேடையின்முன் நின்றாள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவது குச்சியில் திரி பற்றியது. மேடையில் வைத்த குத்துவிளக்கின் ஐந்து முகமும் ஏற்றிவிட்டு, கும்பிடக்கூட மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மயில் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மயில் இல்லாத அந்த மேடை நன்றாகவே இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குளுவாங்கிலிருந்து வந்திருந்த அவளுடைய பெரியம்மா மேடையைத் தொட்டுப் பார்த்து, "அளந்து வெச்சாப்ல உக்காந்திருக்கே, யாரு செஞ்சா?" என்று கேட்டார்.

பால் தம்ளரை என்னிடம் நீட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "இந்த அக்காதான். டேப்பெல்லாம் வேணாம்னுட்டாங்க. எங்கையப் புடிச்சு, என் சாணு எவ்வளவுன்னு பார்த்து, அதுக்கேத்தாப்ல செஞ்சாங்க."

குத்திக் காட்டுகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. கூட்டம் முழுவதும் என்னை மரியாதையோடு திரும்பிப் பார்த்தது. கணவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். நான் தம்ளரை வாங்கிப் பாலைக் குடித்தேன். அந்தக் கையை நான் ஒருமுறைகூடப் பிடித்ததில்லை.