வாய் கட்டிய கோவிந்தம்மா

என் தங்கை கோவிந்தம்மா ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள், தொண்ணூற்றாறாம் வருஷப் பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் வார்டில் நின்று ரைஸ்மில்காரர் மருமகளைத் தோற்கடித்தாள். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்தபோது ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்து, அங்கேயே தலைமைச் சமையல்காரி ஆனாள். வீட்டு மனைப் பட்டா அவள் பெயரில் இருக்கிறது. வலிப்புக்காரனைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் வாழப்போகிறாள் என்று ஊர் பேசியது. அந்த வலிப்புக்காரர், என் மச்சான் கண்ணப்பன், இன்று காலையும் என் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

கடைசியாகச் சொன்னதுதான் இருப்பதில் பெரிது. 1991 சித்திரையில் அது ஒரு டூர் பஸ்ஸில் கைநழுவப் பார்த்தது. அந்தப் பஸ்ஸில் நான் இல்லை. கம்பெனியில் லீவு தரவில்லை. அதனால் போய் வந்தவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறிய இடங்களை விட்டுவிட்டு, ஒத்துப்போனதை மட்டும் எழுதுகிறேன்.

மச்சானுக்குக் கல் குவாரியில் வேலை. ஒருநாள் வேலை நடுவே வலிப்பு வந்து விழுந்தார். அதோடு மேஸ்திரி அவரைச் சேர்க்கவில்லை. கிணற்றோரம் போகக்கூடாது, அடுப்போரம் உட்காரக்கூடாது என்று எல்லாரும் அவரைக் கைக்குழந்தைபோலப் பார்த்தார்கள். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டும் வலிப்பு வந்தது. கோவிந்தம்மா வேண்டிக்கொண்டாள். வல்லக்கோட்டை முருகன் கோயிலில் வாய் கட்டினால் பழனியில் படி ஏறி முருகனைப் பார்க்கும்வரை ஒரு சொல்கூடப் பேசுவதில்லை, அவருக்கு வலிப்பு நிற்க வேண்டும். நடுவில் பேசினால் வேண்டுதல் பாழ் என்பது மட்டுமல்ல, யாருக்காக வேண்டிக்கொண்டோமோ அவருக்கே அது திரும்பும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள்.

டூரை நடத்தியவர் எங்கள் தெரு தசரதன். வாலாஜாபாத்திலிருந்து வாடகைக்குப் பிடித்த பஸ். முன்னால் பெண்கள், பின்னால் ஆண்கள். நடுவழி முழுக்கச் சமையல் அண்டா, அரிசி மூட்டை, விறகு. எல்லாரும் மாலை போட்டவர்கள், ஒருவர் காலிலும் செருப்பு கிடையாது. மாத்திரை டப்பா கோவிந்தம்மாவின் சுருக்குப்பையில் இருந்தது.

வேப்பூர் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்தது. ரப்பர் குழாய் வெடித்துவிட்டது என்றார் டிரைவர். கிளீனர் லாரி பிடித்துப் போய்த் தொழுதூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வரும்வரை, சுற்றிலும் ஒரு வீடு இல்லாத ரோட்டில் ஒற்றைப் புளியமரத்து நிழலில் எல்லாரும் ஒண்டிக்கொண்டார்கள். தார் உருகிக் காலில் ஒட்டியது. நிழல் நகர நகர ஜனமும் நகர்ந்தது. யார் நல்ல இடத்தில் உட்கார்ந்தது என்று இரண்டு சண்டை வந்தது. மச்சான் வெளிக்குப் போக, வறண்டுகிடந்த ஏரியின் கரைப் பக்கம் ஒதுங்கினார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போகிற காரியமும் இல்லை.

வண்டி சரியானதும் ஆளுக்கு முன்னால் ஆள் முண்டி ஏறினார்கள். தசரதன் படியில் நின்றபடியே தலையை எண்ணினார். கணக்கு சரியாக வந்தது. "போலாம் ரைட்" என்றார். தொழுதூரில் இறங்கிக்கொள்வதாகச் சொல்லி மெக்கானிக்கும் பின்படியில் ஏறியது அவருக்குத் தெரியாது. அந்த ஆள் கடைசி வரிசையில் மச்சான் இடத்தில் சாய்ந்து, அங்கே கிடந்த அவருடைய பச்சைத் துண்டையே முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டான்.

கொஞ்ச தூரம் போனபின் கோவிந்தம்மா வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தாள். பச்சைத் துண்டு இருந்தது. அதற்குக் கீழே நீட்டியிருந்த காலில் ரப்பர் செருப்பு இருந்தது.

எழுந்து நின்று பின்னால் கை காட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளியம்மாள், "இன்னாடி, வயிறு கலக்குதா? இப்பதான வண்டி கிளம்பிச்சு, கொஞ்சம் அடக்கிக்கோ" என்றாள். கோவிந்தம்மா தலையை ஆட்டினாள். மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினாள். "தலவலியா? வெயிலு ஆவல." பின்பக்கம் போகலாமென்றால் அண்டாவும் மூட்டையும் வழியை அடைத்திருந்தன. அவருக்கு வலிப்பு வரும், மாத்திரை என்னிடம் இருக்கிறது, அவர் வண்டியில் இல்லை என்று சொல்ல வேண்டும். எழுதிக் காட்ட எழுத்து தெரியாது. அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, அவருக்கு வருவதைச் செய்து காட்டுவது. இரண்டு கையையும் முறுக்கி, கண்ணை மேலே செருகி, உடம்பை உதறினாள்.

கிளியம்மாள் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "சாமி வந்துடுச்சுடீ!"

பஸ் முழுக்க அரோகரா போட்டது. ஒருத்தி அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டாள், இன்னொருத்தி நெற்றி கொள்ளாமல் திருநீறு பூசினாள். அவள் உதறி விடுபடப் பார்த்தாள். உதற உதற அரோகரா கூடியது. டிரைவர் தன் பங்குக்குப் பக்திப் பாட்டு கேசட்டைச் சத்தமாக வைத்தார்.

"யாரும்மா வந்துக்கீற? வள்ளியா, தெய்வானையா?" என்று கேட்டாள் கிளியம்மாள்.

"பழனில அவரு ஆண்டி, அக்கா. அங்க ரெண்டு பேருமே இல்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வாய மூட்றா, கண்ணு அவிஞ்சுடும். தாயே, எம் பொண்ணுக்கு இந்த வருசமாச்சும் தகையுமா?"

கோவிந்தம்மா, அது இல்லை, அது இல்லை என்று பலமாகத் தலையை ஆட்டினாள். கிளியம்மாள் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

வண்டி போய்க்கொண்டே இருந்தது. கோவிந்தம்மா கடைசி வரிசையில் தெரிந்த செருப்பைக் காட்டிக்காட்டிக் கையை ஆட்டினாள். அதைத் தசரதன் பார்த்துவிட்டார்.

"யார்ரா அது, மாலை போட்டுக்கினு செருப்பு மாட்டிக்கினு வந்தது? தெய்வக்குத்தம்டா. அதான் ரேடியேட்டரு பூட்டுச்சு."

"கண்ணப்பண்ணே, தூங்கறாரு. எழுப்பாத, பாவம், திடுக்குனு எழுப்புனா வலிப்பு வந்துடும்" என்றான் பக்கத்தில் இருந்தவன். முகத்துத் துண்டை விலக்காமல், மெதுவாகக் காலிலிருந்து செருப்பை உருவி ஜன்னல் வழியாக வீசினான். "சாமி, குத்தம் தீந்துச்சு. மலையேறிடும்மா."

அவள் சொல்லி நான் கேட்டது இது. அந்த நேரத்தில் அவளுக்கு இரண்டு பக்கமும் அவர்தான் தெரிந்தார். பேசினால் முருகன் எடுத்துக்கொள்வான். பேசாவிட்டால் வெயில் எடுத்துக்கொள்ளும். "முருகன்கிட்ட அழுதாவது கேக்கலாம்ணா. வெயிலுகிட்ட இன்னா கேக்கறது" என்றாள்.

மஞ்சள் துணியைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"கண்ணப்பன் இல்ல."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் பக்கம் புருஷன் பெயரைப் பெண்கள் சொல்வதில்லை. பேசாதவள் பேசினாளா, சொல்லாத பெயரைச் சொன்னாளா, எதற்கு அதிர்வது என்று தெரியாமல் பஸ் அடங்கிப்போனது. கேசட் மட்டும் பாடியது.

"பின்னால தூங்கறான்மா" என்றார் தசரதன். "நான் தல எண்ணித்தான ஏத்தனேன்."

"அது கண்ணப்பன் இல்ல. கண்ணப்பன் மாலை போட்டதுலேர்ந்து செருப்பு போடல. வண்டிய திருப்புங்க."

துண்டை விலக்கினார்கள். மெக்கானிக் கண்ணைத் திறந்து, "தொழுதூர் வந்துட்டுதா?" என்றான். பிறகு காலைப் பார்த்து, "என் செருப்பு எங்க?" என்றான்.

டிரைவர் ஓரங்கட்டினார். ஆனால் திருப்ப மாட்டேன் என்றார். "இப்பவே தண்ணி சூடாகீது. திரும்பிப் போயி நடுவுல நின்னுச்சுன்னா மொத்த பேரும் காய வேண்டியதுதான். அடுத்த ஊர்ல எறங்கி எதுக்க வர்ற பஸ்ல ரெண்டு பேர் போங்க."

"அதுவரிக்கும் அவரு இருக்கணுமே" என்றாள் கோவிந்தம்மா. கதவைத் திறந்து இறங்கி, வந்த ரோட்டிலேயே வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தாள். ஓடவில்லை. தாரில் ஓடினால் தோல் உரிந்துவிடும் என்று வெள்ளைக் கோட்டின் மேலேயே நடந்தாளாம்.

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "குடிக்கிற தண்ணி எவ்ளோ கீது?" என்று கேட்டார். அண்டாவில் இருந்ததையெல்லாம் ரேடியேட்டரில் ஊற்றினார்கள். வண்டி திரும்பி, வழியில் அவளை ஏற்றிக்கொண்டது. செருப்பில்லாமல் இறங்கி நிற்க முடியாத மெக்கானிக்கும் கூடவே வந்தான்.

புளியமரத்தடியில் யாரும் இல்லை. "கண்ணப்பா, கண்ணப்பா" என்று கத்திக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் அவள்தான் ஏரிக்கரை ஏறினாள். அந்தப் பக்கச் சரிவில், கருவேல மரத்தடியில் மச்சான் ஒருக்களித்துக் கிடந்தார். நெற்றி கல்லில் பட்டுக் கிழிந்திருந்தது, வாயோரம் நுரை காய்ந்திருந்தது. ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி அவரை வெயிலிலிருந்து இழுத்துப் போட்டு, வலிப்புக்கு இரும்பு கொடுப்பதாக நினைத்துத் துரட்டிக் கொக்கியைக் கையில் திணித்து, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். "இழுத்து இழுத்து அடங்குச்சு. தண்ணிதான் இல்ல" என்றாள்.

மச்சான் கண்ணைத் திறந்தார். பஸ் போய்விட்டதா, எங்கே இருக்கிறோம் என்றெல்லாம் கேட்கவில்லை. "வாயத் தொறந்துட்டியா?" என்றார்.

"தொறந்துட்டேன். நீ மாத்திரைய முழுங்கு."

டிரைவர் தன் சீட்டுக்கடியில் தனக்கென்று வைத்திருந்த பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார்.

மறுநாள் பழனியில் அவள் படி ஏறவில்லை. வேண்டுதல் முறிந்தவள் எந்த முகத்தோடு ஏறுவது என்று அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மச்சானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "முருகனுக்கு ஒரு நாள் பொறுக்காதாடி, கொஞ்சம் ஜாடையா சொல்லியிருக்கலாமே" என்றாள் கிளியம்மாள். "ஜாடையாத்தான் சொன்னேன். நீ பொண்ணுக்குக் கல்யாணம் கேட்ட" என்றாள் கோவிந்தம்மா.

அந்த வருஷம் மச்சானுக்கு மறுபடி வலிப்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் ஊர் அவள் வாயைத்தான் பேசியது. அவள் மாத்திரையை ஒருநாள்கூட விடவில்லை. வேண்டுதலையும் விடவில்லை. அடுத்த சித்திரைக்கு மறுபடி வாய் கட்டுகிறேன் என்றாள். "ஆனா இந்தத் தடவ வாயக் கட்டிக்கினா கை பேசணும்ணா." பால்வாடி லீலா டீச்சரிடம் போய், பிள்ளைகளுக்குப் பின்னால் சிலேட்டோடு உட்கார்ந்தாள். அவள் முதலில் எழுதக் கேட்டது தன் பெயரை அல்ல. "'வண்டிய நிறுத்து'ன்னு எழுதக் கத்துக் குடு டீச்சர்" என்றாள்.

தசரதனிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். இனித் தலை எண்ணுவது கூடாது. எங்கே நின்றாலும், திரும்ப ஏறுகிற ஆள் படியில் நின்று தன் பெயருக்கு நேரே தானே கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். சிரித்தார்கள், முணுமுணுத்தார்கள், ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த சித்திரையில் நானும் போனேன். வல்லக்கோட்டைக் கோயில் வாசலில் மஞ்சள் துணி கட்டிய வாயோடு முதல் ஆளாக அவள்தான் வந்தாள். பஸ் படிமேல் தாளை வைத்து, பேனாவைச் சிலேட்டுக் குச்சிபோல அழுத்திப் பிடித்து, கோட்டைத் தாண்டாமல் கோவிந்தம்மா என்று எழுதினாள். அடுத்த வரியில் மச்சான் பெருவிரலை மையில் தொட்டு வைத்தார். அன்று 1992 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை.