எந்த மாட்டுங்கா?

இந்த நகரத்தில் ஒரே பெயரில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. ஸென்ட்ரல் லைனில் மாட்டுங்கா. கால்மணி நடைதூரத்தில், வெஸ்டர்ன் லைனில் மாட்டுங்கா ரோடு. 'ரோடு' என்னும் வாலை யாரும் சொல்வதில்லை. நாளைக்கு நாலு வண்டிதான் என்று அலுத்துக்கொள்ளும் ஊர்க்காரர்களுக்கு இது செல்வச் செழிப்பாகத் தோன்றும்.

எனக்கும் தோன்றியது, அப்படித் தோன்றுவதற்கே சம்பளமும் வாங்கினேன். அறுபதுகளின் நடுவில், துறைமுகத்தருகே ஒரு சரக்கு ஏஜெண்டிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். வெளிநாட்டு வணிகர்களுக்காக முதலாளி இயற்றிய பிரசுரத்தை அடித்தவள் நான்தான். ஆழமான துறைமுகம், இரண்டு ரயில் பாதைகள், விமான நிலையம், திசைக்கொரு சாலை; ஆகையால் பம்பாயில் இறங்கிய எதுவும் வழி தவறாது. கடைசி வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் அடிக்கச் சொன்னார்.

அந்த வாரம்தான் என் தம்பி கிச்சா பம்பாயில் இறங்கினான். ஏடனில் குமாஸ்தா வேலை, ஐந்து வருஷ ஒப்பந்தம். பாலக்காட்டிலிருந்து மதராஸ் வழியாகக் காலையில் தாதர், மதியம் கப்பல். நடுவிலிருந்த இரண்டு மணி நேரமே எங்களுக்கு. தாதர்க் கூட்டத்தில் தேட வேண்டாமென்று, 'அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா. அங்கே நிற்பேன்' என்று எழுதியிருந்தேன். விடுப்புக் கேட்டபோது முதலாளி சிரித்தார். "அரே மேடம், காலில்லாத பெட்டியே தானாக வந்து சேரும் ஊர் இது!"

புளிக்காய்ச்சல் ஜாடியுடன் ஒரு மணி நேரம் நின்றேன். வாசலில் பூ விற்கும் தாராவிக்காரி, திருநெல்வேலிப் பக்கத்தவள், பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"யாரம்மா தேடுதிய?"

"தம்பி வரணும். மாட்டுங்கான்னுதான் எழுதினேன்."

"எந்த மாட்டுங்கான்னு எழுதலியாக்கும்? அங்கிட்டும் ஒண்ணு கெடக்குல்லா! நல்லாப் படிச்சிய போங்க!"

அந்தப் பாதையிலும் தாதருக்கு அடுத்தது மாட்டுங்காதான். நான் இருக்கும் மாட்டுங்காதான் மாட்டுங்கா என்று நினைத்த அகந்தைக்கு முதலாளி பொறுப்பல்ல. ஓடினேன். அங்கே பிளாட்பாரத்தில் டீ விற்கும் முதியவரிடம், கறுப்பு டிரங்குப் பெட்டியோடு ஒரு மதராஸிப் பையனைப் பார்த்தீர்களா என்றேன்.

"பார்த்தேனே. பஹென் வந்தால் சொல்லச் சொன்னான்: 'ஜாகே ஆதா ஹூம்.' போய்விட்டு இதோ வருவான், உட்காரம்மா" என்று தோள்துண்டால் பெஞ்சைத் துடைத்துவிட்டார்.

உட்கார்ந்தேன். பெட்டியையும் ஏன் தூக்கிக்கொண்டு போனான் என்று கேட்கத் தோன்றவில்லை. ஐந்தாறு வண்டிகள் வந்து போயின. ஹிந்திப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறிய என் தம்பி சொன்னது ஹிந்தியே அல்ல என்று உறைத்தபோது மதியமாகிவிட்டது.

"அக்கா, போயிட்டு வரேன்."

'போகிறேன்' என்று சொல்லலாகாது என்று வளர்க்கப்பட்டவன், அந்த விடைபெறலை எழுத்துப் பிசகாமல் பெயர்த்துக் கொடுத்திருந்தான். முதியவர் அதை ஹிந்தியாகக் கேட்டார். அவருக்கு வேறு வழியில்லை. நானும் அல்லவா ஹிந்தியாகவே கேட்டேன்!

துறைமுகத்தை அடைந்தபோது கப்பல் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது.

மறுநாள் முதலாளி, "மிலா?" என்றார். கிடைத்ததா என்று காணாமற்போன பெட்டிக்குக் கேட்கும் அதே சொல். நான் பெரிய எழுத்து வாக்கியத்தை மறுபடியும் அடித்தேன், ஒரு பிழையுமின்றி.

இப்போது கோடையில் ஊருக்குப் புறப்படுகையில் பக்கத்துவீட்டு மராட்டிய அம்மாளிடம் "ஜாகே ஆதி ஹூம்" என்கிறேன். அங்கிருந்து திரும்புகையில் என் அம்மாவிடம் "போயிட்டு வரேன்" என்கிறேன். இரண்டு இடத்திலும் நம்பி, எனக்காகப் பெஞ்சைத் துடைத்து வைக்கிறார்கள்.